நமக்கு எந்தப் பந்தியில் இலை?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பிரயாணம் செய்தால் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். ஊரின் பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு உடையவர் ஞாபகம் வரும்; ராமானுஜர் அவதரித்த க்ஷேத்திரம் அல்லவா? நடுவயதுக்காரர்களுக்கு 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி இரவு ஞாபகம் வரும். இன்றைய இளம் பெண்களைக் கேட்டாலோ, "அதுவா? கம்பெனி ஊர்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அவர்கள் சொல்வதும் வாஸ்தவந்தான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும், தெற்கே ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகள் வரிசை பிடித்து நிற்கின்றன. கார் இங்கே பிறக்கிறது. மோட்டார் சைக்கிள் பிறக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், டெலிவிஷன், கம்ப்யூட்டர், டெலிபோன் எல்லாமே இங்கே பிறக்கின்றன. ஷிப்டு மாறும் வேளையில் சாலையோரத்தில் நின்று பாருங்கள். பஸ் பஸ்ஸாக இளம் பெண்கள் இறங்குவதும் ஏறுவதுமாகத் திருவிழாக் கூட்டம் போல் இருக்கும்.

இப்போது ஒரு புதிர். உங்கள் வீட்டுப் பையன், "உலகமெல்லாம் புது வீடியோ கேம் வந்துவிட்டதாம்; இங்கே மட்டும் இன்னும் வரவில்லையாம்!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "அமெரிக்காவில் படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, நம் வீட்டில் ஏன் மசமசவென்று இருக்கிறது?" என்று மைத்துனர் குறைப்பட்டதையும் கேட்டிருப்பீர்கள். வாசலிலேயே இவ்வளவு பெரிய சமையல் நடக்கிறதே, அப்படியிருந்தும் நமக்கு ஏன் கடைசிப் பந்தியில் இலை போடுகிறார்கள்?

பந்தி வரிசை

முதலில் வீடியோ கேம் பெட்டிகளின் கதையைக் கேளுங்கள். ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனியார் தங்கள் புகழ்பெற்ற பெட்டியை 1983 ஜூலையில் தங்கள் நாட்டில் விற்பனைக்கு விட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் குழந்தைகள் அதைப் பார்க்க 1985 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். ஐரோப்பியக் குழந்தைகள் அதற்கும் பிறகு. நம் குழந்தைகளுக்கோ பெரும்பாலும் அசலைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் கிடைத்தன. சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சித் தெருவும் தெரிந்தவர்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி கட்டாயம் இருந்திருக்கும்.

பிறகு 'சோனி' கம்பெனியின் பிளேஸ்டேஷன் வந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் முதல் பந்தி. 1995 செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அடுத்த பந்தி. மூன்றாவது தலைமுறைப் பெட்டி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2006 நவம்பரில் வந்தது. ஐரோப்பாவுக்கு 2007 மார்ச். நமக்கு 2007 ஏப்ரல், விலை 39,990 ரூபாய்! மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பரில் வந்தது. இந்தியாவில் 2006 செப்டம்பரில்தான் எட்டிப் பார்த்தது. நிண்டெண்டோவின் 'வீ' பெட்டி 2006-ல் பிறந்து 2008 செப்டம்பரில் இந்தியா வந்தது. அதே கம்பெனி 2017-ல் 'ஸ்விட்ச்' பெட்டியை வெளியிட்டபோது, இந்தியாவில் இலையே போடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள் வைத்ததுதான் விலை.

ஐந்தாவது பிளேஸ்டேஷன் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2020 நவம்பர் 12-ஆம் தேதி வெளியாயிற்று. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அதற்குப் போட்டியான எக்ஸ்பாக்ஸ் பெட்டிகள் 2020 நவம்பர் 10-ஆம் தேதி உலகத்தோடு உலகமாக அன்றைக்கே இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆகவே தாமதம் என்பது கடல் தூரத்தால் மட்டும் வருவது அல்ல. ஒரு கம்பெனி மனசு வைத்தால் முதல் பந்தியிலேயே உட்கார வைக்க முடியும்.

கோடுகளின் கதை

இருந்தாலும் பழைய நாளில் உண்மையாகவே ஒரு கஷ்டம் இருந்தது. டெலிவிஷன் படம் என்பது கோலம் மாதிரி, வரி வரியாக இழுக்கப்படுவது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு படத்துக்கு 525 வரி. வினாடிக்கு 60 தடவை திரையைத் துடைத்துத் துடைத்து எழுதுவார்கள். நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 625 வரி. வினாடிக்கு 50 தடவை. இந்த 60-ம் 50-ம் எங்கிருந்து வந்தன தெரியுமா? வீட்டுக்கு வரும் மின்சாரத்திலிருந்து! அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 முறை துடிக்கிறது. நம்முடையது 50 முறை. டெலிவிஷனைக் கண்டுபிடித்தவர்கள் மின்சாரத் துடிப்போடு படத்தின் துடிப்பையும் ஒத்துப்போகச் செய்துவிட்டார்கள்.

அதனால் என்ன ஆயிற்று? 60 துடிப்புக்காகச் செய்த விளையாட்டை 50 துடிப்புப் பெட்டியில் போட்டால், பல விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஓடவேண்டிய வீரன் உண்ட மயக்கத்தில் நடப்பது போல நடந்தான்! ஒவ்வொரு நாட்டு டெலிவிஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்ததால், கம்பெனிகள் பெரிய சந்தையை முதலில் கவனித்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்தி வைத்தன.

வியாபாரப் பூட்டு ஒன்றும் இருந்தது. சினிமா டி.வி.டி. தட்டுகளுக்காக உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் போட்டார்கள். அமெரிக்காவுக்கு 1, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் 2, இந்தியாவுக்கு 5. அமெரிக்க மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்த தட்டு மாமனார் வீட்டுப் பெட்டியில் ஓடாமல் அடம் பிடித்ததன் ரகசியம் இதுதான்.

துல்லியமான படம், அதாவது ஹெச்.டி., வந்த பிறகு இந்தக் கோட்டுச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 1,080 வரி என்றால் எல்லா நாட்டிலும் 1,080 வரிதான். நம் பழைய படத்தில் 625 வரி இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தவை 576. ஆகவே வித்தியாசம் ஏறக்குறைய இரட்டிப்பு. அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிகம். இதில் ஒரு தமாஷ்: லண்டன் பி.பி.சி. 1936 நவம்பரில் டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கியபோதே அதை 'ஹை டெபினிஷன்' என்றுதான் விளம்பரப்படுத்தியது. அன்றைக்கு அதற்கு அதிகபட்சமே 405 வரி!

முதல் பந்தியின் கஷ்டம்

முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களெல்லாம் பாக்கியசாலிகள் என்று நினைக்காதீர்கள். ஜப்பானியர் 1964-ஆம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு இந்தத் துல்லியப் படத்துக்கான ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள். 1989-ல் தினசரிச் சோதனை ஒளிபரப்பும், 1991 நவம்பரிலிருந்து தினம் எட்டு மணி நேர ஒளிபரப்பும் செய்தார்கள். உலகத்துக்கே அவர்கள்தான் முன்னோடி. ஆனால் அது பழைய 'அனலாக்' முறை. அமெரிக்கர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து, 'டிஜிடல்' முறையைப் பிடித்துக்கொண்டு 1998-ல் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். உலகமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜப்பானிலேயே அந்தப் பழைய முறை 2007-ல் நிறுத்தப்பட்டது. ஏராளமாகப் பணம் கொடுத்து முதலில் வாங்கியவர்களின் பெட்டி நடுக்கூடத்தில் ஊமையாயிற்று!

ஐரோப்பாவும் அப்படி ஒரு தனி முறையைத் தொடங்கி 1993-ல் கைகழுவியது. பிறகு 2006-ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டிதான் அங்கே ஹெச்.டி. பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டு சேர்க்க உதவியது. அமெரிக்கா 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு பெரிய நிலையங்களின் பழைய ஒளிபரப்பை மூடியது. மூடுவதற்கு முன்பு, பழைய பெட்டிக்காரர்கள் மாற்றுக் கருவி வாங்குவதற்காக வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தது சர்க்கார்.

கூடத்துக்கு வந்த பெட்டி

நம் நாட்டுக்குள்ளேயும் பந்தி வரிசை உண்டு. டெலிவிஷன் டில்லிக்கு வந்தது 1959-ல். பம்பாய்க்கு 1972-ல். சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி. பதினாறு வருஷம் காத்திருந்தோம்! 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது கலர் வந்தது. 2010-ல் அதே டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது தூர்தர்ஷன் ஹெச்.டி. ஒளிபரப்பைக் காட்டியது. இந்தியாவில் புதுப் படம் வருவதென்றால் யாராவது ஓடவோ குதிக்கவோ வேண்டியிருக்கிறது!

தமிழ்நாட்டுக் கதை இன்னும் விசேஷமானது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் வருஷக் கணக்கைக் கவனியுங்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கனமான கண்ணாடிக் குழாய்ப் பெட்டியைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டைப் பெட்டி வாங்கிய அதே வருஷங்களில், நம் கிராமத்து வீடுகளுக்கு அந்தக் குழாய்ப் பெட்டி முதல் தடவையாக வந்தது. ஒருவர் பந்தியை முடித்துக் கை கழுவுகிறபோது இன்னொருவருக்கு அப்போதுதான் இலை விழுகிறது.

அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு சினிமாப் பார்த்த குழந்தைக்குத் தன் வீட்டிலேயே பெட்டி வந்தது சின்ன விஷயமா? வரிக் கணக்கெல்லாம் அந்தக் குழந்தைக்கு வேண்டாம். 2011-ல் ஆட்சி மாறியதும் டெலிவிஷன் போய், மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஐந்து சதவீதம்

சரி, ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2007 நவம்பரில் கொரியாவின் சாம்சங் கம்பெனி இங்கே தொழிற்சாலை திறந்தது. டெலிவிஷன் பெட்டிகள் இங்கிருந்தே வீடுகளுக்குப் புறப்பட்டன. பக்கத்தில் செய்தால் சீக்கிரம் கிடைக்கும், விலையும் சகாயமாயிருக்கும் என்றுதானே யாரும் எண்ணுவோம்? 2018-ல் நடந்ததைக் கேளுங்கள்.

தட்டை டெலிவிஷனில் முக்கியமான பாகம் படம் தெரியும் கண்ணாடிப் பலகை. தொழிலில் இதை 'ஓப்பன் செல்' என்பார்கள். பெட்டியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். கொரியா, சீனா, தைவான் முதலிய இடங்களிலிருந்து இது கப்பலில் வருகிறது. நம் ஊரில் அதற்கு விளக்கும், மின்சாரப் பலகையும், சட்டமும், ஒலிபெருக்கியும் பூட்டி, சோதித்து, அட்டைப் பெட்டியில் போடுகிறார்கள்.

2018-ஆம் ஆண்டு பட்ஜெட்டை ஒட்டி இந்தப் பலகைக்குச் சுங்க வரி விழுந்தது; முதலில் 10 சதவீதம், பிறகு 5 சதவீதம். வெளிநாட்டில் முழுதாகச் செய்த டெலிவிஷனுக்கு 20 சதவீதம் வரி இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தப்படி, வியட்நாமில் செய்த பெட்டி வரியில்லாமலே வரலாம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே பாகத்தை வரவழைத்துச் செய்தால் 5 சதவீத வரி. அங்கே முழுதாகச் செய்து கொண்டுவந்தால் வரியே இல்லை. வியாபாரி எதைச் செய்வான்? சாம்சங் அந்த வருஷமே இங்கே டெலிவிஷன் செய்வதை நிறுத்திவிட்டு வியட்நாமிலிருந்து தருவித்தது. குளிர்சாதனப் பெட்டி முதலியவை இங்கேயே தொடர்ந்தன. டெலிவிஷன் மட்டும் கடல் தாண்டிப் போய், மறுபடியும் கடல் தாண்டி வந்தது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டுப் புடவைக்குப் பம்பாய் போனது மாதிரி!

2019 செப்டம்பரில் பலகை மீதான வரியை எடுத்தார்கள். 2020 ஜூலை இறுதியில், வெளிநாட்டுக் கலர் டெலிவிஷனைத் தருவிக்க லைசென்ஸ் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகு உள்நாட்டுத் தயாரிப்பு மறுபடியும் தலைதூக்கியது; ஸ்ரீபெரும்புதூரிலும் டெலிவிஷன் வேலை திரும்பியது. ஒரு தொழிற்சாலையின் ஒரு பகுதி எழுந்து போவதற்கும் திரும்பி வருவதற்கும் ஐந்து சதவீதம் போதுமாயிருந்தது.

கையில் அடங்கிய பெட்டி

இதற்கிடையில் இன்னொரு மாறுதல் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. நம் குழந்தைகள் வீடியோ கேம் பெட்டிக்காகக் காத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி மலிவான இன்டர்நெட்டோடு வந்த பிறகு, விளையாட்டுப் பெட்டியும் ஹெச்.டி. திரையும் ஒன்றாய்ச் சேர்ந்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டன. அதுதான் செல்போன். அந்தச் செல்போனோ ஸ்ரீபெரும்புதூரின் செல்லப் பிள்ளை.

இதிலும் சுகமும் துக்கமும் உண்டு. பின்லாந்து தேசத்து நோக்கியா 2006-ல் இங்கே பெரிய ஆலையைத் திறந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டியவர்களும், தம்பியின் காலேஜ் சம்பளத்தை ஏற்றுக்கொண்டவர்களும் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பினார்கள்.

பிறகு பாக்ஸ்கான் என்ற தைவான் கம்பெனி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஐபோன் செய்யத் தொடங்கியது. சோனிக்கும் நிண்டெண்டோவுக்கும் மைக்ரோசாப்டுக்கும் சீனாவில் விளையாட்டுப் பெட்டி செய்து கொடுத்ததும் இதே கம்பெனிதான். முதல் ஐபோன் 2007 ஜூனில் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் முறையான விற்பனை 2008 ஆகஸ்டில், அதுவும் இரண்டாவது ரகம். ஆனால் 2023 செப்டம்பர் 22-ஆம் தேதி 'ஐபோன் 15' உலகெங்கும் விற்பனைக்கு வந்தபோது, இந்தியாவில் செய்த போன்களும் அன்றைக்கே கடைக்கு வந்தன. நமக்கும் முதல் பந்தி! வாசலில் சமைத்ததற்கு ஒரு வழியாகப் பலன் கிடைத்தது.

ஆனால் விலை? 79,900 ரூபாய். அமெரிக்காவில் 799 டாலர். அதைப் பூட்டிய பெண்ணுக்கோ அது பல மாதச் சம்பளம்.

பரிமாறுகிற கைகள்

பந்தியைப் பற்றிப் பேசும்போது பரிமாறுகிறவர்களை மறந்துவிடலாமா? 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாட்டினால் உடம்பு கெட்டு, 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகளின் கதி தெரியாத மற்றப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. உலகம் முழுதும் அந்தச் செய்தி பரவியது. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை ஏற்கச் சொல்லி 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

நல்ல சமாசாரமும் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான விடுதியைத் தமிழக அரசு திறந்தது. ஊரை விட்டு வந்து, மேஜையடியில் குனிந்து கண்ணுக்குத் தெரியாத திருகாணியை முடுக்குகிற பெண்ணுக்கு, நல்ல சாப்பாடும் பத்திரமான படுக்கையும் கிடைப்பது தர்மம் அல்ல, அவள் சம்பாதித்த உரிமை.

வாங்கப் போகுமுன்

இனி உங்கள் பர்ஸின் விஷயம். டெலிவிஷன் வாங்குவதாயிருந்தால் கடைக்காரர் சொல்லும் பெயர்களில் மயங்காதீர்கள். 'ஹெச்.டி. ரெடி' என்பது ஏறக்குறைய 720 வரி, 'புல் ஹெச்.டி.' 1,080 வரி. '4கே' 2,160 வரி. வீட்டிலிருக்கும் செட்டாப் பாக்ஸ் சாதாரண ரகமாயிருந்து, ஹெச்.டி. சேனலுக்குத் தனிக் கட்டணமும் கட்டாமலிருந்தால், எவ்வளவு உயர்ந்த பெட்டி வாங்கினாலும் பழைய படந்தான் தெரியும். வெள்ளித் தட்டில் ஆறிப்போன உப்புமா! முதலில் பாக்ஸையும் இணைப்பையும் விசாரியுங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; பழைய விலையைச் சொன்னால் ஏனென்று கேளுங்கள்.

வீடியோ கேம் கேட்டுப் பையன் அடம் பிடித்தால் மூன்று கேள்வி போதும். இது கம்பெனியே இந்தியாவில் முறையாக விற்பதா, வெளியிலிருந்து வந்ததா? ரிப்பேர் வந்தால் யார் பொறுப்பு? மின்சாரம் நம் 230 வோல்ட்டைத் தாங்குமா, அமெரிக்க 120 வோல்ட்டுக்குச் செய்ததா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் காத்திருப்பதே உத்தமம். ஜப்பானில் முதலில் வாங்கியவர்கள் கதையை அவனுக்கும் சொல்லுங்கள்.

இன்னும் ஒரே ஒரு காரியம். பெட்டிக்கு வெளியே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். விலையோடு, எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நாம் அதைப் படிப்பதே இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். வியட்நாம் என்றிருந்தால் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். காஞ்சிபுரம் ஜில்லா என்றிருந்தால், அதைப் பூட்டிய பெண்ணுக்கு அந்த மாதச் சம்பளம் கிடைத்தது என்று அர்த்தம்.